யார் சொன்னால் நம்புவீர்கள்?

2014 அக்டோபரில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கும் ஃப்ளின்ட் நகரத்தில், ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை ஒரு முடிவு எடுத்தது. 'ஊர்த் தண்ணீர் இனிமேல் எங்களுக்கு வேண்டாம்!'

காரணம் ரொம்ப சிம்பிள். அந்தத் தண்ணீர் பட்டு இன்ஜின் பாகங்கள் துருப்பிடித்தன. ஊர்வலம் இல்லை, உண்ணாவிரதம் இல்லை, காலிக்குடத்தோடு சாலை மறியல் இல்லை. வேறு இடத்துத் தண்ணீருக்கு மாறிக்கொள்ளக் கம்பெனிக்கு வழி கிடைத்தது. விஷயம் முடிந்தது.

அதே தண்ணீரை அந்த ஊர் ஜனங்கள் அதற்கப்புறமும் ஒரு வருஷம் குடித்தார்கள். சமைத்தார்கள். குழந்தைக்குப் பால் பவுடர் கலக்கினார்கள்.

இன்ஜின் சொன்னால் உடனே நம்புகிற உலகம், ஒரு அம்மா சொன்னால் மட்டும் ஏன் 'அப்படியா, எழுதிக் குடுங்க பார்க்கலாம்' என்கிறது? இந்த வாரம் நாம் பேசப்போவது இதைத்தான். நடுவில் சில கல்லூரி மாணவர்கள் வருவார்கள். அவர்களை ஹீரோவாக்கிக் கைதட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அவர்கள் செய்த வேலைக்குள் ஒரு சங்கடமான கேள்வி ஒளிந்திருக்கிறது. அதையும் பார்த்துவிடலாம்.

ஃப்ளின்ட் ஒரு காலத்தில் கொழித்த ஊர். ஜெனரல் மோட்டார்ஸ் 1908-ல் பிறந்ததே அங்கேதான். அப்புறம் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடின. வேலை போச்சு, ஜனங்கள் வெளியேறினார்கள், கஜானா காலி. மிச்சமிருந்த சுமார் ஒரு லட்சம் பேரில் பாதிக்கு மேல் கறுப்பின மக்கள். பத்துப் பேரில் நாலு பேர் வறுமையில். நகரத்தின் கணக்கு வழக்கைச் சரிசெய்ய மாநில அரசு 'அவசரகால மேலாளர்' என்று ஒருவரை உட்காரவைத்தது. ஓட்டு வாங்கி ஜெயித்த மேயரும் கவுன்சிலர்களும் பேருக்குத்தான். மேலாளரின் முதல் வேலை, செலவைக் குறைப்பது.

குறைத்தார்கள். அதுவரை டெட்ராய்ட் நகரத்திடம் ஹூரான் ஏரித் தண்ணீரை விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தது ஃப்ளின்ட். 2014 ஏப்ரல் 25-ம் தேதி அதை நிறுத்திவிட்டு, உள்ளூர் ஆற்றுத் தண்ணீருக்கு மாறினார்கள். இரண்டு வருஷத்தில் சுமார் 50 லட்சம் டாலர் மிச்சம் என்று கணக்கு.

நான் பத்தாம் வகுப்போடு கெமிஸ்ட்ரிக்கு டாட்டா சொன்ன பி.காம். ஆசாமி. எனக்கே புரிகிற மாதிரி சொல்கிறேன். வெந்நீர் போடும் பாத்திரத்தின் உள்ளே நாளாக நாளாக வெள்ளையாக ஒரு பொருக்குப் படியும் இல்லையா? பழைய தண்ணீர்க் குழாய்களின் உள்ளேயும் அப்படி ஒரு படலம் உண்டு. ஃப்ளின்ட்டில் பல வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுபோன இணைப்புக் குழாய்கள் காரீயத்தால் ஆனவை. (நம் வீட்டு ஈயச் சொம்பு ரசத்தை நினைத்துப் பயப்படாதீர்கள். அது வெள்ளீயம், இது காரீயம். தமிழில் இரண்டுக்கும் 'ஈயம்' என்று ஒரே பேர் வைத்துவிட்டோம்.) தண்ணீரில் பாஸ்பேட் மாதிரி ஒரு மருந்தைக் கொஞ்சம் கலந்தால் அந்தப் படலம் கெட்டியாக இருக்கும், ஈயம் தண்ணீரில் இறங்காது. டெட்ராய்ட் தண்ணீரில் அது இருந்தது. ஆற்றுத் தண்ணீரோ இரும்பையே அரிக்கிற ரகம். அதில் அந்த மருந்தைக் கலக்கவே இல்லை.

அதற்கு என்ன செலவாகியிருக்கும் தெரியுமா? ஒரு நாளைக்குச் சுமார் 100 டாலர்.

தண்ணீர் பழுப்பாக வந்தது. நாறியது. குளித்தவர்களுக்கு அரிப்பு வந்தது, முடி கொட்டியது. ஜனங்கள் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய்க் கூட்டங்களில் காட்டினார்கள். 'தண்ணீர் விதிமுறைக்கு உட்பட்டே இருக்கிறது' என்று பதில் வந்தது.

லீஆன் வால்டர்ஸ் என்று ஓர் அம்மா. நான்கு குழந்தைகள். வீட்டுத் தண்ணீரைப் பரிசோதிக்கச் சொல்லி விடாமல் நச்சரித்தார். 2015 பிப்ரவரியில் பரிசோதித்தார்கள். காரீயத்தின் அளவு 104. அடுத்த தடவை 397. இது '100 கோடியில் இத்தனை பங்கு' என்கிற கணக்கு. அமெரிக்கச் சட்டப்படி 15-ஐத் தாண்டினால் அரசு நடவடிக்கை எடுத்தாக வேண்டும். குழந்தைகளைப் பொறுத்தவரை இதில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையவே கிடையாது. காரீயம் மூளை வளர்ச்சியைத் தொடும். படிப்பு, கவனம், நடத்தை எல்லாவற்றிலும் தெரியும். போனது போனதுதான்.

'உங்கள் வீட்டுக் குழாயில்தான் கோளாறு' என்றார்கள். அவர் வீட்டுக்கு உள்ளே இருந்ததோ பிளாஸ்டிக் குழாய். அந்த அம்மா அத்தோடு விடவில்லை. நகரத்தின் தண்ணீர் அறிக்கைகளை எடுத்து வைத்துக்கொண்டு படித்தார். அரிப்பைத் தடுக்கிற மருந்தே சேர்க்கப்படவில்லை என்பதைக் கண்டுபிடித்தார். மத்திய சுற்றுச்சூழல் அமைப்பில் மிகேல் டெல் டோரல் என்ற அதிகாரிக்குப் போன் போட்டுச் சொன்னார். அவர் விசாரித்துவிட்டு, 2015 ஜூனில் மேலிடத்துக்கு எச்சரிக்கைக் குறிப்பே எழுதினார். ஒன்றும் நடக்கவில்லை.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். விஞ்ஞானக் கண்டுபிடிப்பு என்று ஒன்று உண்டென்றால் அது இங்கேயே முடிந்துவிட்டது. நோய் என்ன, காரணம் என்ன, மருந்து என்ன... எல்லாம் ஓர் இல்லத்தரசியின் சாப்பாட்டு மேஜையில் இருந்தது. இல்லாதது ஒன்றுதான். அதைக் கேட்க ஆள்.

இந்த நேரத்தில் நகரம் தன் பங்குக்கு ஒரு பரிசோதனை நடத்தியது. 2015-ன் முதல் ஆறு மாதத்தில் 71 வீட்டுத் தண்ணீர் எடுத்தார்கள். இதில் ஒரு விதி. எல்லா வீட்டு அளவையும் சிறிசிலிருந்து பெரிசாக வரிசை கட்டினால், 100-க்கு 90-வது இடத்தில் நிற்கிற வீட்டின் அளவு 15-ஐத் தாண்டக் கூடாது. 71-ஐயும் கணக்கில் எடுத்தால் தாண்டியது. இரண்டு வீடுகளை ஏதோ காரணம் சொல்லி நீக்கினார்கள். அளவு 11 ஆனது. பாஸ்! நீக்கிய இரண்டில் ஒன்று யார் வீடு? சரியாகச் சொன்னீர்கள். லீஆன் வால்டர்ஸ் வீடு.

பி.காம். படித்தவனுக்கு இது ஒன்றும் புரியாத வித்தை இல்லை. டாலி ஆகாத இரண்டு என்ட்ரியை எடுத்துவிட்டால் எந்த பாலன்ஸ் ஷீட்டும் அழகாக டாலி ஆகும். அதனால்தான் ஆடிட்டர் என்று ஒருவர் வெளியிலிருந்து வரவேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறார்கள். கம்பெனியின் காசுக்கு இருக்கிற அந்த ஏற்பாடு, குழந்தை குடிக்கிற தண்ணீருக்கு இருக்கிறதா?

ஃப்ளின்ட்டுக்கு ஆடிட்டர்கள் வந்தார்கள். பல நூறு மைல் தள்ளி, வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்திலிருந்து. மார்க் எட்வர்ட்ஸ் என்ற சிவில் இன்ஜினீயரிங் பேராசிரியர். பத்து வருஷத்துக்கு முன்னால் வாஷிங்டன் நகரத் தண்ணீரில் இதே காரீயப் பிரச்னைக்காக அரசாங்கத்தோடு மல்லுக்கட்டிய அனுபவஸ்தர். லீஆன் வால்டர்ஸ் அவரைத் தேடிப் பிடித்தார். அவர் வீட்டுத் தண்ணீரில் எட்வர்ட்ஸ் கண்ட உச்ச அளவு 13,200. அபாயகரமான கழிவு என்று சொல்வதற்கு 5,000 போதும்.

பேராசிரியர் தன் மாணவர்களைக் கூட்டி விஷயத்தைச் சொன்னார். இருபது பேருக்கு மேல் சேர்ந்தார்கள். அதில் இந்தியாவிலிருந்து போய்ப் படித்துக்கொண்டிருந்த சித்தார்த்தா ராயும் ஒருவர். பெரிய ஸ்பான்ஸர் எவரும் கிடையாது. பேராசிரியர் சொந்தப் பணத்தையும் போட்டார்.

அவர்கள் செய்த வேலையைக் கேட்டால் 'இவ்வளவுதானா?' என்பீர்கள். மூன்று பாட்டில்கள் கொண்ட ஒரு டப்பா. ராத்திரி முழுக்க, குறைந்தது ஆறு மணி நேரம், குழாயைத் திறக்காமல் வைத்திருந்து, காலையில் திறந்தவுடன் வருகிற முதல் ஒரு லிட்டர். 45 விநாடி ஓடவிட்டு அரை லிட்டர். இரண்டு நிமிஷம் ஓடவிட்டுக் கொஞ்சம். முதலாவது வீட்டுக்குள் இருக்கிற குழாயைச் சொல்லும். அடுத்தது தெருவிலிருந்து வருகிற இணைப்பைச் சொல்லும். மூன்றாவது தெரு மெயினைச் சொல்லும். இப்படி 300 டப்பாக்களை மாணவர்கள் உட்கார்ந்து அடுக்கினார்கள். எப்படிப் பிடிப்பது என்று வீடியோ எடுத்துப் போட்டார்கள். பார்சல் கட்டி அனுப்பினார்கள். திரும்பி வந்ததை லேபில் போட்டு அளந்தார்கள். தகவல் அறியும் சட்டத்தில் மனுப் போட்டு வாங்கிய அரசாங்க இ-மெயில்களைப் பக்கம் பக்கமாகப் படித்தார்கள். நோபல் பரிசு கிடைக்கிற விஞ்ஞானம் இல்லை. ஆனால் ஒவ்வொரு அடியும் நேர்மையான விஞ்ஞானம்.

டப்பாவை வீடு வீடாகக் கொண்டுபோனது யார்? ஊர்க்காரர்கள். லீஆன் வால்டர்ஸ், தேவாலயப் போதகர்கள், தண்ணீருக்காகப் போராடிய அக்கம்பக்கத்துப் பெண்கள், ஒரு மனித உரிமை அமைப்பின் நிருபர். 'நமக்கு வேண்டிய வீட்டில் மட்டும் எடுத்தார்கள்' என்று நாளைக்கு யாரும் பேசிவிடக் கூடாதே என்று, ஊரின் எல்லா அஞ்சல் குறியீட்டுப் பகுதிக்கும் டப்பா போகிற மாதிரி அந்த அம்மா பார்த்துக்கொண்டார். மூன்றே வாரம். சுமார் 800 பாட்டில்கள். 250 வீடுகளுக்கு மேல். அதிகாரிகள் எடுத்ததோ 71!

முடிவு? ஆறு வீட்டுக்கு ஒரு வீட்டில் காரீயம் 15-ஐத் தாண்டியிருந்தது.

மாநில அதிகாரிகள் தரப்பில் முதலில் கிண்டல்தான் வந்தது. இந்தக் குழு எங்கே போனாலும் இதையேதான் 'கண்டுபிடிக்கும்' என்கிற தொனியில். ஆனால் 2015 செப்டம்பர் 24-ம் தேதி, அந்த ஊர்க் குழந்தைகள் மருத்துவர் மோனா ஹன்னா அட்டிஷா, தன் மருத்துவமனைக் கணக்கை வெளியிட்டார். ரத்தத்தில் காரீயம் அதிகமாக இருந்த சிறு குழந்தைகளின் விகிதம் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகியிருந்தது. தண்ணீர்க் கணக்கும் ரத்தக் கணக்கும் ஒன்றை ஒன்று கைகுலுக்கிக்கொண்டன. அக்டோபர் 16-ம் தேதி ஃப்ளின்ட் பழைய தண்ணீருக்கே திரும்பியது.

அப்பாடா என்று கதையை முடித்துவிடலாம். ஆனால் என் கேள்வி இனிமேல்தான்.

மாணவர்கள் என்ன சாதித்தார்கள்? ஈயத்தைக் கண்டுபிடித்தது அவர்கள் இல்லை. ஏற்கெனவே உண்மையாக இருந்த ஒன்றை, காதில் விழுகிற உண்மையாக மாற்றினார்கள். ஓர் அம்மாவின் குரலுக்குப் பல்கலைக்கழகத்தின் ரப்பர் ஸ்டாம்பு கிடைத்தது. அது பெரிய உதவி, சந்தேகமே இல்லை. அதே சமயம் பெரிய அவமானமும்கூட. மாணவர்களுக்கு இல்லை, நமக்கு. சாமானியர் சொல்கிற நிஜத்துக்குப் படித்தவர் ஜாமீன் போட்டால்தான் செல்லுபடியாகும் என்றால், ஜாமீன் கிடைக்காத ஊர்களின் கதி?

'அதெப்படி சார், ஒவ்வொருத்தர் புகாருக்கும் ஆடிக்கொண்டிருந்தால் நிர்வாகம் நடக்குமா? ஆதாரம் வேண்டாமா?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆதாரம் வேண்டும்தான். ஜனங்கள் சொல்வதெல்லாம் சரியாக இருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஆதாரத்தை யார் கொண்டுவர வேண்டும்? லேப் அரசாங்கத்திடம். இன்ஜினீயர் அரசாங்கத்திடம். குழாய் எங்கே ஓடுகிறது என்கிற வரைபடம் அரசாங்கத்திடம். இத்தனையும் வைத்திருக்கிறவர், வெறும் பாட்டிலோடு நிற்கிறவரைப் பார்த்து 'நிரூபி' என்கிறார். அளக்கிற கருவி யாரிடம் இருக்கிறதோ, அளக்கிற கடமையும் அவரிடம்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால் அது விஞ்ஞானம் இல்லை, விஞ்ஞானம் மாதிரி வேஷம் போட்ட தட்டிக்கழிப்பு.

இன்னொன்று. கிரிமினல் கோர்ட்டில் சந்தேகத்தின் பலன் குற்றம்சாட்டப்பட்டவருக்கு. ஏன்? தப்பாகத் தண்டித்துவிட்டால் போன வருஷங்களைத் திருப்பித் தர முடியாது. அதே நியாயப்படி, குழாயடியில் சந்தேகத்தின் பலன் குடிக்கிறவருக்கல்லவா போக வேண்டும்? குழந்தையின் மூளையைத் தொட்டுவிட்ட ஈயத்தையும் திருப்பி எடுக்க முடியாதே! ஃப்ளின்ட்டில் சந்தேகத்தின் பலனைக் குழாய்க்குக் கொடுத்தார்கள்.

இப்போது கதையின் இரண்டாம் பாதி. இதைப் பாராட்டு விழாக்களில் அதிகம் பேச மாட்டார்கள்.

தண்ணீர் மாறிய பிறகும் வர்ஜீனியா டெக் குழு திரும்பத் திரும்ப அளந்தது. 2016, 2017 என்று அளக்க அளக்கக் காரீயம் இறங்கிக்கொண்டே வந்தது. எட்வர்ட்ஸ் அதைச் சொன்னார். 'தண்ணீர் தேறி வருகிறது.' ஊர்க்காரர்களில் பலருக்கு அது நெஞ்சில் குத்தியது. 'நீங்களுமா?' என்று கேட்டார்கள். ஒரு தடவை 'பத்திரமான தண்ணீர்' என்ற வார்த்தையை நம்பிக் குழந்தைகளைப் பறிகொடுத்தவர்கள் மாதிரி நிற்கிறார்கள். அதே வார்த்தையை இப்போது நண்பர் சொல்கிறார். 2018-ல் நகரவாசிகளும் ஆர்வலர்களும் பலர் கையெழுத்துப் போட்டு, பேராசிரியரின் நடத்தையை விசாரிக்க வேண்டும் என்று விஞ்ஞானிகளின் அமைப்புகளுக்குக் கடிதம் எழுதினார்கள். புகார்களை மறுத்த பேராசிரியர், மூன்று பேர் மேல் 30 லட்சம் டாலர் கேட்டு மானநஷ்ட வழக்குப் போட்டார். 2019-ல் கோர்ட் அதைத் தள்ளுபடி செய்தது.

நேற்று வரை ஒரே டப்பாவின் இரண்டு பக்கத்தைப் பிடித்துத் தூக்கியவர்கள், இன்று கோர்ட்டில் எதிரெதிரே!

யார் பக்கம் நியாயம்? எனக்கு இரண்டு பக்கமும் தெரிகிறது. அளந்தது குறைந்திருந்தால் குறைந்திருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். கூட்டாளிக்குப் பிடிக்காது என்பதற்காக எண்ணை மாற்றினால், 71-ல் இரண்டை நீக்கியவர்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? விஞ்ஞானத்துக்கு நண்பன், விரோதி கிடையாது. சரி. ஆனால் மனிதர்களுக்கு உண்டு. ஏமாந்தவரிடம் 'என்னை நம்பு, எண்கள் சரியாக இருக்கின்றன' என்று சொல்வது, எண்கள் சரியாகவே இருந்தாலும், போதாது. நம்பிக்கை என்பது கணக்கு நோட்டில் ஒரே நாளில் பற்று வைத்து ஒரே நாளில் வரவு வைக்கிற சமாசாரம் இல்லை. ஒன்றரை வருஷப் பொய்யை ஒரு கிராஃப் அழித்துவிடாது.

உதவி செய்தவர் கேட்கத் தகாத ஒன்று உண்டென்றால் அது இதுதான்: 'நான் உனக்கு உதவினேன், அதனால் நான் சொல்வதை நீ நம்பித்தான் ஆகவேண்டும்.' உதவி பெற்றவர் செய்யத் தகாதது ஒன்றும் உண்டு: 'நீ எனக்கு வேண்டியவன், அதனால் எனக்குப் பிடித்ததையே நீ சொல்ல வேண்டும்.' இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஒற்றையடிப்பாதையில்தான் விஞ்ஞானமும் ஜனங்களும் சேர்ந்து நடக்க முடியும். கஷ்டமான பாதைதான்.

இதை ஏன் இவ்வளவு நீட்டி முழக்குகிறேன்? நம் பிள்ளைகளும் இதே வேலையில் இறங்குகிறார்கள். பள்ளிக்கூட விஞ்ஞானக் கண்காட்சி என்றால் தெர்மகோல் ஊர், பச்சைச் சாயம் போட்ட மரத்தூள் புல்வெளி, சோடா உப்பில் வினிகர் ஊற்றி எரிமலை என்று இருந்த காலம் ஒன்று. 1993-ல் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு என்று ஒரு நல்ல காரியத்தை ஆரம்பித்தார்கள். 10 வயதிலிருந்து 17 வயது வரை உள்ள பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து, சொந்த ஊரின் பிரச்னை ஒன்றை எடுத்துக்கொண்டு, அளந்து, விசாரித்து, அறிக்கை எழுத வேண்டும். தமிழ்நாட்டில் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். குளத்தை எட்டிப் பார்க்காத பிள்ளைகளைக் குளக்கரைக்கு அழைத்துப்போன புண்ணியம் அதற்கு உண்டு.

ஆனால் எந்த நல்ல காரியத்துக்கும் ஒரு வியாதி வரும். இதற்கு வருகிற வியாதியின் பெயர் மெடல். மாவட்ட அளவில் ஜெயித்தாயா, மாநிலத்துக்குப் போனாயா, சர்ட்டிஃபிகேட் வந்ததா, அதை லேமினேட் பண்ணியாச்சா... குளம்? அது அங்கேயே கிடக்கிறது, ஆகாயத்தாமரையோடு. குளத்தங்கரைப் பாட்டியிடம் முப்பது கேள்வி கேட்டு எழுதிக்கொண்டு போன பிள்ளைகள், அறிக்கையின் ஒரு பிரதியையாவது பாட்டியிடம் திரும்பக் கொடுத்தார்களா?

இதற்குப் பிள்ளைகளைக் குறை சொல்லக் கூடாது. 'தலைப்பு புதுசா இருக்கணும், ஜட்ஜ் அசந்துடணும்' என்று சொல்லி அனுப்புகிறவர்கள் நாம். பக்கத்துத் தெருவின் துன்பம் நம் பிள்ளைக்கு ஒரு 'டாபிக்' ஆகிவிடுகிறது. அடுத்தவர் கஷ்டத்தை வைத்து நாம் மார்க் வாங்குவது, அதை அவருக்கே திருப்பித் தராமல் போவது... இதற்குக் கணக்குப் பாஷையில் கடன் என்று பெயர். திருப்பித் தராத கடனுக்கு வேறு பெயர்.

டீம்வொர்க் என்று சொல்லிக்கொடுக்கிறோமே, அந்த டீமில் யார் யார்? ஐந்து மாணவர்களும் ஒரு வாத்தியாரும் மட்டும்தான் என்றால் அது பரீட்சைக்கான டீம். ஃப்ளின்ட்டில் டப்பாவை அடுக்கிய மாணவரும் டீம், ராத்திரி முழுக்கக் குழாயைத் தொடாமல் காத்திருந்து காலையில் எழுந்ததும் பாட்டிலைப் பிடித்த அம்மாவும் டீம், குறிப்பெழுதிய அதிகாரியும் டீம், ரத்தக் கணக்கைப் பார்த்த டாக்டரும் டீம். அவர்களில் ஒருவர் இல்லாவிட்டாலும் அந்த எண் வெளியே வந்திருக்காது. லீஆன் வால்டர்ஸுக்கு 2018-ல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் பரிசு கிடைத்தது. அவர் தண்ணீரியல் படித்தவர் இல்லை. படித்துக்கொண்டவர்.

அந்த 'படித்துக்கொண்டவர்' என்கிற வார்த்தையில்தான் என் பதில் இருக்கிறது. மாணவர்கள் ஊருக்குத் தரக்கூடிய மிகப் பெரிய பரிசு, தீர்வு இல்லை. அளக்கத் தெரிந்த ஊர். முடிவை மட்டும் கொடுத்துவிட்டுப் போனால், நாளைக்கு அந்த முடிவு மாறும்போது ஊர் உங்களைத்தான் சந்தேகப்படும். அளக்கிற கருவியையும் வழியையும் கொடுத்துவிட்டுப் போனால், ஊர் தன் கண்ணையே நம்பும். உங்களை நம்ப வேண்டிய அவசியமே வராது. நல்ல டாக்டருக்கு அழகு, நோயாளி திரும்ப வராமல் இருப்பது என்பார்களே, அதுபோல.

கடைசியாக, பழக்கதோஷம், ஒரு கணக்கு. ஒரு நாளைக்கு 100 டாலர் வீதம், ஆற்றுத் தண்ணீர் ஓடிய சுமார் 540 நாளைக்கு மருந்துச் செலவு 54,000 டாலர். அதை மிச்சம் பிடித்தார்கள். 2021-ல் கோர்ட் ஒப்புதல் கொடுத்த நஷ்டஈடு 62.6 கோடி டாலர். அதில் பெரும்பகுதி குழந்தைகளுக்கு. சுமார் 11,000 காரீயக் குழாய்களைத் தோண்டி எடுத்து மாற்றி முடித்ததாக மாநில அரசு அறிவிக்க 2025 ஆகிவிட்டது. பொறுப்பாளிகள் மேல் போட்ட கிரிமினல் வழக்குகள் 2023-லேயே முடிந்துவிட்டன. ஒருவரும் ஜெயிலுக்குப் போகவில்லை.

அந்தக் குழந்தைகளின் கணக்கை மட்டும் எந்தப் பத்தியில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. எந்த பி.காம். புத்தகத்திலும் அதற்கு இடமில்லை.

உங்கள் பெண்ணோ பையனோ அடுத்த வாரம் 'அப்பா, ஸ்கூல்ல ப்ராஜெக்ட் குடுத்திருக்காங்க, நம்ம ஏரியா தண்ணியப் பத்தி' என்று வந்து நிற்கலாம். சார்ட் பேப்பர் வாங்கக் கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். 'இதை முடிச்சதும் யார்கிட்ட முதல்ல காட்டப் போறே?'

'மிஸ்கிட்ட' என்றால், பக்கத்தில் உட்காரவைத்துக் கொஞ்ச நேரம் பேசுங்கள்.